வேரில் மருந்து எங்கே? சர்ப்பகந்தியின் வரலாறு

கோடை பிறந்துவிட்டால் நம் இல்லங்களில் நன்னாரிச் சர்பத்துக்கு ஏற்பாடு நடக்கும். தில்லியில் குடியேறினும், கொல்கத்தாவில் குடியேறினும், மும்பையில் குடியேறினும், ஊரிலிருந்து வரும் உறவினரின் பையில் ஒரு கட்டு நன்னாரி வேர் இருக்குமா என்று எதிர்பார்ப்பவர் நம்மிற் பலர். அந்த வேரை அப்படியே எவரும் ஊறப் போடுவதில்லை. கழுவித் துடைத்து, மெல்லத் தட்டி, நடுவே ஓடும் கட்டை நரம்பை உருவி எறிந்துவிட்டு, மேலே உள்ள பட்டையை மட்டுமே நம் பாட்டிமார் பாத்திரத்தில் இடுவர். ஏன் என்று கேட்டால், "கட்டையில் என்ன இருக்கிறது? வாசமெல்லாம் பட்டையில்தானே!" என்பதே விடையாக வரும்.

இந்த எளிய விடையில் ஓர் இரசாயன உண்மை அடங்கியிருக்கிறது. ஒரு வேர் என்பது ஒரே பொருளாலான ஒரு குச்சியன்று. புறத்தே தக்கை, அதனை அடுத்துப் பட்டை, நடுவிலே கட்டை என அஃது பல பகுதிகளாலானது. ஒவ்வொரு பகுதியின் தொழிலும் வேறு. ஆதலின் ஒவ்வொன்றிலும் தங்கும் பொருள்களும் வேறு. நம் நாட்டு வைத்தியர்கள் 'வேர்' என்றும் 'வேர்ப்பட்டை' என்றும் மருந்துச் சரக்குகளைப் பிரித்தே கூறி வந்ததன் கருத்தும் இதுவே.

இவ்வேறுபாடு எத்துணைப் பெரியது என்பதை உலகம் முழுவதும் அறியச் செய்த செடி ஒன்று உண்டு. அதன் வரலாறு பெரும்பாலும் நாம் குடியேறி வாழும் நகரங்களிலேயே நடந்தது. அச்செடியே சர்ப்பகந்தி.

சர்ப்பகந்தி முழங்கால் அளவோ, சிறிது மேலோ வளரும் சிறு செடி. கணுவுக்கு மூன்று அல்லது நான்கு இலைகளாக வட்டமாய் நிற்கும். மலர் வெண்மையும் இளஞ்சிவப்பும் கலந்தது. காம்பு நல்ல சிவப்பு. கனி முற்றிக் கறுத்துப் பளபளக்கும். இமயத்தின் அடிவாரத்திலிருந்து அஸ்ஸாம் வரையிலும், தெற்கே மேற்குத் தொடர்ச்சி மலைச் சாரல்களிலும் மரநிழலில் இது வளரும். தமிழில் இதனைச் சர்ப்பகந்தி என்றும் சிவன் அமல்பொடி என்றும் மூலிகை நூல்கள் குறிக்கின்றன. வடநாட்டில் இதற்குச் 'சோட்டா சாந்த்' என்று பெயர். பீகார் மக்களோ 'பாகல் கீ தவா', அதாவது பைத்தியத்துக்கு மருந்து, என்றே பெயரிட்டுவிட்டனர். அங்கே ஏழை மக்கள் அழும் குழந்தைகளை உறங்க வைப்பதற்கும் இவ்வேரைக் கொடுப்பதுண்டு என்று பழைய மருத்துவ நூல்கள் கூறுகின்றன. நாகத்தோடு போர் புரியப் புறப்படும் கீரி இச்செடியைத் தின்றுவிட்டே செல்லும் என்ற கதையும் நாடெங்கும் வழங்கியது. வேர் பாம்பு போல் வளைந்து நெளிந்து தரையில் இறங்குவதே இக்கதைக்கு ஊற்றாக இருந்திருக்கலாம்.

மேனாட்டார் இதனை அறிந்தது பதினாறாம் நூற்றாண்டில். கோவாவில் வாழ்ந்த போர்த்துக்கேய மருத்துவர் கார்சியா த ஓர்தா 1563-ஆம் ஆண்டு வெளியிட்ட தம் நூலில் பாம்புக்கடிக்குப் பயன்படும் 'பாம்புக் கட்டை'களைப் பற்றி எழுதினார். அவற்றுள் ஒன்று சர்ப்பகந்தியே என்று ஆராய்ந்தோர் கருதுவர். பின்னர் 1753-ஆம் ஆண்டில் ஸ்வீடன் நாட்டுத் தாவர மேதை லின்னேயஸ் இதற்கு 'ஒபியோக்சிலான்' என்று பெயர் சூட்டினார். பாம்பு, கட்டை என்னும் இரு கிரேக்கச் சொற்கள் சேர்ந்த பெயர் அது. பெயரிட்டவர்கள் கட்டையைப் போற்றினார்கள். மருந்தோ பட்டையில் மறைந்திருந்தது. இதனை உணர மேலும் ஏறக்குறைய இருநூறு ஆண்டுகள் சென்றன.

இன்று வழங்கும் 'ராவுல்பியா' என்னும் பெயரின் வரலாறும் சுவையானது. ஜெர்மனியில் ஆக்ஸ்பர்க் நகரில் லியோன்ஹார்ட் ராவுல்ப் என்ற மருத்துவர் இருந்தார். 1573-இல் புறப்பட்டு, சிரியா, ஈராக் முதலிய நாடுகளில் மூலிகைகளைத் தேடி அலைந்து திரும்பியவர். 1582-இல் வெளியான அவருடைய பயண நூலில், அலெப்போ நகரத்து மக்கள் காலையில் சூடாகப் பருகும் கரிய பானம் ஒன்று வருணிக்கப்படுகிறது. நாம் காலையில் தவறாது பருகும் காப்பியேதான் அது! அவர் நினைவாக, பிரெஞ்சுத் தாவர அறிஞர் சார்ல்ஸ் ப்ளூமியே 1703-இல் அமெரிக்கச் செடி இனம் ஒன்றுக்கு அவர் பெயரை இட்டார். இந்தியச் சர்ப்பகந்தியும் அவ்வினத்தைச் சேர்ந்ததே என்று பிற்காலத்தார் கண்டு அப்பெயரையே இதற்கும் அளித்தனர். ராவுல்ப் இந்தியாவை மிதித்தவரும் அல்லர். இச்செடியைக் கண்டவரும் அல்லர்.

இனி வேரினுள்ளே புகுவோம். முற்றிய சர்ப்பகந்தி வேரைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால், புறத்தே பழுப்பு மஞ்சள் நிறமான மெல்லிய தக்கையும், அதனுள்ளே பட்டையும், நடுவே வெளிர்ந்த கட்டையும் தெரியும். மணம் ஏதுமில்லை, கசப்பு மிகுதி. இக்கசப்பைத் தருபவை அல்கலாய்டு என்னும் காரத்தன்மை வாய்ந்த பொருள்கள். கொய்னா, அபின், காப்பி ஆகியவற்றின் வீரியமும் இவ்வகைப் பொருள்களாலேயே அமைந்தது. சர்ப்பகந்தியில் இதுவரை ஐம்பதுக்கும் மேற்பட்ட அல்கலாய்டுகள் காணப்பட்டுள்ளன. உலர்ந்த வேரின் எடையில் அவை எல்லாம் சேர்ந்து நூற்றுக்கு ஒன்று முதல் மூன்று பங்கு வரை இருக்கும்.

இப்பங்கு வேர் முழுதும் ஒரே சீராகப் பரவியிருக்கவில்லை. வேரின் எடையில் ஏறக்குறையப் பாதியே பட்டை. அல்கலாய்டுகளிலோ நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு அப்பட்டையில்தான் உள்ளது. இதனை ஒரு சிறு கணக்கால் விளக்கலாம். நூறு கிராம் வேரில் ஐம்பது பட்டை, ஐம்பது கட்டை என்று கொள்வோம். மருந்தை நூறு கூறாகப் பிரித்தால், பட்டையில் தொண்ணூறு கூறும் கட்டையில் பத்துக் கூறும் இருக்கும். அதாவது எடைக்கு எடை பார்க்கும்போது பட்டை கட்டையினும் ஒன்பது மடங்கு வீரியம் உடையது. தோண்டும்போதும், கழுவும்போதும், மூட்டையில் உருட்டும்போதும் பட்டையிற் பாதி உதிர்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். எஞ்சிய எழுபத்தைந்து கிராமில் ஐம்பத்தைந்து கூறு மருந்தே இருக்கும். கண்ணுக்கு அது நல்ல வேராகவே தோன்றும். தராசும் குறை சொல்லாது. ஆனால் வீரியத்திலோ ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு போய்விட்டது.

மெல்லிய கிளை வேர்களை நாம் குப்பை என்று தள்ளிவிட நினைப்போம். அதுவும் தவறே. வேர் மெலிய மெலியக் கட்டையின் பங்கு குறைந்து பட்டையின் பங்கு மிகும். ஆதலின் பருத்த துண்டே சிறந்த சரக்கு என்ற சந்தை வழக்கம் இவ்வேரைப் பொறுத்தவரை பொருந்தாது.

இவ்வுண்மைகளை வெளிக்கொணர்ந்த முதல் ஆய்வுக்கூடம் எங்கே இருந்தது? தில்லித் தமிழர்கள் நன்கறிந்த கரோல் பாக்கில்தான். அங்கே காய்கறி வாங்கவும் துணி வாங்கவும் நாம் நடந்து செல்லும் அஜ்மல் கான் சாலை, ஹக்கீம் அஜ்மல் கானின் பெயரைத் தாங்கியது. யூனானி மருத்துவத்தில் பெரும் புலமை பெற்ற அவர், ஆயுர்வேதமும் யூனானியும் ஒருங்கே பயிலும் திப்பியாக் கல்லூரியை நிறுவினார். 1916-இல் ஹார்டிஞ்சுப் பிரபு அடிக்கல் நாட்டினார். 1921-இல் காந்தியடிகள் அதனைத் திறந்து வைத்தார். நாட்டு மருந்துகளைப் புதிய இரசாயன முறையில் ஆராய வேண்டும் என்பது ஹக்கீமின் பேராவல். ஜெர்மனியில் இரசாயனம் பயின்று கொண்டிருந்த சலீமுஸ்ஸமான் சித்திக்கி என்னும் இளைஞரை அப்பணிக்கு அவர் தேர்ந்தார். இளைஞர் பட்டம் பெற்றுத் திரும்பிப் பணி தொடங்கியது 1928-இல். ஹக்கீமோ 1927 டிசம்பரிலேயே மறைந்துவிட்டார்.

சித்திக்கியும் அவருடன் உழைத்த ரபத் ஹுசைன் சித்திக்கியும் 1931-இல் சர்ப்பகந்தி வேரிலிருந்து ஐந்து அல்கலாய்டுகளைத் தூய படிகங்களாகப் பிரித்து வெளியிட்டனர். வெண்ணிறமான மூன்றிற்கு அஜ்மலின், அஜ்மலினின், அஜ்மலிசின் என்றும், மஞ்சள் நிறமான இரண்டிற்கு செர்ப்பென்டைன், செர்ப்பென்டினின் என்றும் பெயரிட்டனர். தாம் காண விரும்பிய ஆராய்ச்சியைக் காணாமலே மறைந்த புரவலருக்கு அந்த இளைஞர் எழுப்பிய நினைவுச் சின்னம் முதல் மூன்று பெயர்கள். அஜ்மலின் இன்றும் மருத்துவத்தில் வழங்குகிறது. இதயத் துடிப்பில் தோன்றும் சில பரம்பரைக் கோளாறுகளைக் கண்டறியும் சோதனைகளில் இதயநோய் வல்லுநர்கள் அதனைப் பயன்படுத்துகின்றனர்.

அதே 1931-ஆம் ஆண்டிலே, அந்நாளில் கல்கத்தா எனப் பெயர் பெற்றிருந்த கொல்கத்தாவில், கவிராஜ் கணநாத் சேன் என்பவரும் மருத்துவர் கார்த்திக் சந்திர போஸும் ஒரு கட்டுரை வெளியிட்டனர். சர்ப்பகந்தி வேர்ப்பொடி சித்தக் கலக்கத்தைத் தணிப்பதோடு உயர்ந்த ரத்த அழுத்தத்தையும் குறைக்கிறது என்பது அவர்கள் கண்ட முடிவு. அடுத்து 1933-இல், அந்நகரத்து வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் கர்னல் ராம்நாத் சோப்ராவும் அவருடைய துணைவர்களும் விலங்குகளில் இவ்வேரின் சத்துகளைச் சோதித்தனர். சோப்ரா, நாட்டில் விற்கும் மருந்துகளின் தரத்தை விசாரிக்க அரசாங்கம் அமைத்த குழுவுக்கு 1930-31-இல் தலைமை வகித்தவர். கலப்படம் எவ்வளவு பரவியிருந்தது என்பதை நேரிற் கண்டவர்.

இங்கே ஒரு புதிர் எழுந்தது. தில்லியில் பிரித்தெடுத்த படிகங்கள் ரத்த அழுத்தத்தையும் இதயத்தையும் ஓரளவு பாதித்தன. ஆனால் வேர்ப்பொடியை உண்டவருக்கு வரும் அந்த அமைதி, அந்த மெல்லிய உறக்கம், அப்படிகங்களால் வரவில்லை. அப்படியானால் அமைதி தரும் பொருள் எங்கே போயிற்று? படிகங்களை எடுத்த பின் அடியில் எஞ்சும் பிசின் போன்ற கழிவை ஆராய்ந்த இந்திய அறிஞர் சிலர், உறக்கம் தரும் ஆற்றல் அதில்தான் இருக்கிறது என்று 1944-இல் எழுதினர். வேரில் மருந்துள்ள பகுதி எது என்ற கேள்வியைப் போலவே, வடித்தெடுத்த சாற்றில் மருந்துள்ள பகுதி எது என்ற கேள்வியும் இன்றியமையாததாயிற்று. பளிச்சிடும் படிகத்தைவிடப் பிசுபிசுத்த கழிவே விலை மதிப்பற்றதாக முடிந்தது.

அடுத்த காட்சி மும்பையில். பரேலில் உள்ள கே.இ.எம். மருத்துவமனையோடு தொடர்புடைய இதயநோய் நிபுணர் ருஸ்தம் ஜால் வக்கீல், ரத்த அழுத்தம் மிகுந்த ஐம்பது நோயாளிகளுக்கு இம்மருந்தைக் கொடுத்துக் கண்ட பயனை 1949-இல் இங்கிலாந்தின் இதயநோய் இதழில் வெளியிட்டார். இந்தியர் இந்திய இதழ்களில் எழுதியபோது திரும்பிப் பாராத உலகம், அக்கட்டுரையைப் படித்து விழித்தது. பாஸ்டன் நகரில் ராபர்ட் வில்கின்ஸ் என்ற மருத்துவர் இதனை அமெரிக்க நோயாளிகளுக்குக் கொடுக்கலானார். சுவிட்சர்லாந்தின் பாசல் நகரத்துச் சீபா நிறுவனத்தில் மியூலர், ஷ்லிட்லர், பைன் ஆகிய மூவரும் அந்தப் பிசின் பகுதியைத் துருவி, 1952-இல் அமைதி தரும் பொருளைப் படிகமாகவே எடுத்தனர். அதுவே ரெசர்பின். அதன் மூலக்கூற்றை 1956-இல் அமெரிக்க இரசாயன மேதை உட்வர்டு ஆய்வுக்கூடத்திலேயே கட்டி முடித்தார். வக்கீலுக்கு 1957-இல் லாஸ்கர் பரிசு கிடைத்தது.

ரெசர்பின் எவ்வாறு வேலை செய்கிறது என்று ஆராயப் புகுந்ததால் மூளை இயலுக்கே புது வழி பிறந்தது. நரம்பு முனைகளில் நுண்ணிய பைகள் உண்டு. செரோட்டோனின், நோரட்ரினலின், டோபமின் முதலிய செய்திப் பொருள்கள் அப்பைகளிற் சேமிக்கப்படுகின்றன. சேமிப்பு நடைபெறாதவாறு ரெசர்பின் தடுத்துவிடும். பைகள் வறண்டு போகும். ரெசர்பின் கொடுக்கப்பட்டு அசைவற்றுக் கிடந்த விலங்குகளுக்கு எல்-டோபா என்னும் பொருளைக் கொடுத்து மீண்டும் நடமாடச் செய்தார் ஸ்வீடன் அறிஞர் ஆர்விட் கார்ல்சன். 1957-இல் நடந்த இச்சோதனை, நடுக்குவாத நோய்க்கு மருந்து காணும் பாதையைத் திறந்தது. 2000-ஆம் ஆண்டில் அவருக்கு நோபல் பரிசும் பெற்றுத் தந்தது.

புகழ் பெருகியது; செடிக்குக் கேடும் பெருகியது. இலையைப் பறித்தால் செடி மீண்டும் தழைக்கும்; காயைப் பறித்தால் அடுத்த பருவத்தில் மீண்டும் காய்க்கும். வேரை எடுத்தாலோ செடியே போயிற்று. 1950-களில் உலக மருந்துச் சாலைகள் எல்லாம் இந்திய வேருக்காகக் கை நீட்டியபோது, பீகார், ஒரிசா, உத்தரப் பிரதேசக் காடுகளில் இது மூட்டை மூட்டையாகத் தோண்டப்பட்டது. இளஞ்செடி, முற்றிய செடி என்ற பேதமே இல்லை. தேவைக்கு வேர் போதாதபோது தண்டையும் நறுக்கிக் கலந்தனர். தண்டிலும் அல்கலாய்டு உண்டு; ஆனால் வேரை நோக்க மிகக் குறைவு. அதே இனத்தைச் சேர்ந்த வேறு செடிகளின் வேர்களும் மூட்டைகளில் நுழைந்தன. உண்மையான சர்ப்பகந்தியிலும் நிலம் மாறினால் சரக்கு மாறியது. டேராடூன் பகுதி வேரிலிருந்து வேறு சில அல்கலாய்டுகள் கிடைத்ததைச் சித்திக்கியே 1939-இல் எடுத்துக் காட்டியிருந்தார்.

இவ்வனுபவத்தின் பயனாகச் சில விதிகள் உருவாயின. குறைந்தது ஒன்றரை ஆண்டு, கூடுமாயின் இரண்டு மூன்று ஆண்டு வளர்ந்த செடியையே எடுக்க வேண்டும். இலையுதிர்ந்த குளிர்காலமே ஏற்ற காலம். தோண்டுவதற்கு முன் நிலத்தை நனைத்து, கிளை வேர் அறாமல் எடுத்து, பட்டை உரியாதபடி மெல்லக் கழுவி, உலர்த்த வேண்டும். 'பட்டை நீங்காத வேர்' என்பதே மருந்து நூல்கள் கேட்கும் இலக்கணம். 1990-இல் அருகி வரும் உயிரினங்களின் பன்னாட்டு வாணிகத்தைக் கட்டுப்படுத்தும் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் சர்ப்பகந்தியும் சேர்க்கப்பட்டது. இன்று விதையிலிருந்தும் வேர்த்துண்டுகளிலிருந்தும் இதனைத் தோட்டப் பயிராக வளர்க்கின்றனர்.

இவ்வரலாற்றில் நமக்கு உரிய பாடம் யாது? தில்லி காரி பாவ்லியிலோ, கொல்கத்தா படா பஜாரிலோ பன்சாரிக் கடையில் வேர் என்று நிறுத்துத் தரும் பொருளின் எடையை நாம் அறியலாம். வீரியத்தை அறிய முடியாது. பட்டையுடன் கூடிய ஒரு வேரும், பட்டை உதிர்ந்த ஒரு வேரும், தண்டு கலந்த ஒரு பொடியும் ஒரே புட்டியில் ஒரே பெயருடன் இருக்கலாம். அளவு ஒன்றே, ஆனால் மருந்து ஒன்றன்று. சாதாரணச் சரக்கானால் இதனால் பணமே நட்டம். சர்ப்பகந்தியிலோ உயிருக்கே ஆபத்து. வீரியம் குறைந்தால் ரத்த அழுத்தம் அடங்காது. வீரியம் மிகுந்தால் அழுத்தம் அளவு மீறித் தாழும். மூக்கடைப்பு, வயிற்றுக் கோளாறு முதலியன தோன்றும். சிலரிடம் மனச்சோர்வு தோன்றியதாகவும் 1950-களிலேயே மருத்துவர்கள் எச்சரித்தனர். ஆற்றல் சீரான புதிய மருந்துகள் வந்த பின், ரெசர்பினைக் கையாளும் வழக்கம் மிகக் குறைந்துவிட்டதற்கு இவையும் காரணம்.

"நாட்டு வேர்தானே, தீங்கு என்ன செய்யும்?" என்று சொல்லித் தாமே வாங்கி அரைத்துக் குடிப்பவர் நம்மிடையே இன்றும் உளர். மொழி தெரியாத ஊரில் மருத்துவரிடம் சென்று நோயை விளக்கும் சங்கடத்துக்கு அஞ்சியே சிலர் இவ்வழியை நாடுகின்றனர் என்பதையும் நாம் அறிவோம். அவர்கட்கு நாம் சொல்லக் கூடியது இதுவே: மைசூரிலிருந்தோ மதுரையிலிருந்தோ வந்த நம்மவர் ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டேனும் மருத்துவரிடம் செல்லுங்கள். இவ்வேரின் எந்தப் பகுதியில் எவ்வளவு மருந்து என்பதைக் கண்டறியத் தேர்ந்த அறிஞர்களுக்கே இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. நம் அடுப்பங்கரைத் தராசு அதனைச் சொல்லிவிடாது.

நன்னாரிச் சர்பத்தை நாம் அச்சமின்றிப் பருகுவோம். அடுத்த முறை அதற்காக வேரைத் தட்டும்போது, உருவி எறியும் கட்டையையும் எடுத்து வைக்கும் பட்டையையும் குழந்தைகள் கையில் கொடுத்து முகர்ந்து பார்க்கச் சொல்லலாம். கரோல் பாக்கில் வாழ்பவர்களாயின், பின்னர் அவர்களை அஜ்மல் கான் சாலை வழியே அழைத்துச் சென்று, திப்பியாக் கல்லூரியைக் காட்டி, அங்கே 1931-இல் நடந்ததையும் சொல்லலாம்.